பூஜித்தால் போதுமா?

மாட்டுப் பொங்கலன்று நம் ஊர்களில் பசுவுக்கு நடக்கும் உபசாரத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் தீட்டி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கழுத்தில் மாலை சூட்டிக் கற்பூரம் காட்டுகிறோம். அதன் பிறகு வாழையிலை நிறையப் பொங்கலை வைத்து முன்னே நீட்டுகிறோம். பசு ஆவலோடு தின்கிறது. அடுத்த வீட்டிலிருந்து இன்னோர் இலை வருகிறது; அதையும் தின்கிறது. குழந்தைகள் வாழைப்பழமும் வெல்லமும் ஊட்டி மகிழ்கிறார்கள். இரவானதும் பசு அசை போடுவதை நிறுத்திவிடுகிறது. வயிறு உப்புகிறது. பல்லை நறநறவென்று கடிக்கிறது. படுத்தால் எழுந்திருக்க இயலவில்லை.

இது கண்ணேறும் அல்ல, காற்றுச் சேஷ்டையும் அல்ல. ஒரே வேளையில் அளவுக்கு மீறி அரிசிச் சோறு தின்ற பசுவின் வயிற்றில் புளிப்பு மிகுந்து இரத்தத்திலும் ஏறிவிடுகிறது. பண்டிகைக் காலம் வந்தால் கால்நடை மருத்துவர்கள் இதைப்பற்றி எச்சரிப்பது வழக்கமாகிவிட்டது. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும் பாயசத்தையும் தொட்டியில் கொட்டிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டதாக நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கும்பிட்ட கையாலேயே விஷமும் வைத்தோம் என்றால் அது எவ்வளவு வருந்தத்தக்க விஷயம்!

பசுவினிடம் நம்மவருக்குப் பக்தி குறைவில்லை. குறைவு எங்கே என்றால், பசுவின் வயிற்றைப்பற்றிய அறிவிலேதான். கறவை மாடு வைத்திருக்கும் குடும்பமானாலும், பால் வாங்கிக் குடிக்கும் குடும்பமானாலும், இந்த அறிவு கொஞ்சம் இருந்தால் பசுவுக்கும் நலம், நமக்கும் நலம்.

வயிற்றுக்குள் ஓர் உலகம்

பசுவின் வயிறு நான்கு அறைகள் கொண்டது என்று நாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறோம். பிள்ளைகளும் ஒப்பித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த நான்கில் முதல் அறை செய்கிற அதிசயத்தை அறிந்தவர்கள் சிலரே. வளர்ந்த பசு ஒன்றின் முதல் அறை 100 லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய பெரிய தொட்டி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடானுகோடியாய் வாழ்கின்றன. வைக்கோலையும் புல்லையும் பசு தானாக ஜீரணிப்பதில்லை. நார்ப்பொருளைக் கரைக்கும் சக்தி அதன் உடம்பில் இல்லை. இந்த நுண்ணுயிர்களே நாரைப் புளிக்க வைத்துப் பசுவுக்கு வேண்டிய சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன. பாலில் உள்ள கொழுப்பின் பெரும் பகுதிக்கு மூலப்பொருளும் இந்தப் புளிப்பிலிருந்தே கிடைக்கிறது. கடைசியில் அந்த நுண்ணுயிர்களே அடுத்த அறைகளுக்குத் தள்ளப்பட்டு ஜீரணமாகிப் பசுவுக்குப் புரதமாகின்றன.

ஆகவே, நாம் தீனி போடுவது பசுவுக்கு என்பதைவிட அந்த நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு என்பதே பொருத்தம். அந்தக் கூட்டம் சௌக்கியமாக இருந்தால் பசுவும் சௌக்கியமாக இருக்கும்.

இனி, அரிசிச் சோறு செய்யும் கெடுதல் விளங்கும். மாவுப்பொருள் ஏராளமாக உள்ளே போனவுடன், அதைத் தின்று அமிலத்தைக் கக்கும் ஒரு வகை நுண்ணுயிர் மட்டும் பெருத்துவிடுகிறது. நாரைக் கரைக்கும் நல்ல கூட்டம் அந்த அமிலத்தில் அழிந்துபோகிறது. சாதாரண நாட்களில் பசுவுக்கு இதற்கு மாற்று மருந்து அதன் வாயிலேயே இருக்கிறது. நாள் ஒன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் அது அசை போடுகிறது. அப்போது சோடா உப்புச் சத்துள்ள உமிழ்நீர் நிறையச் சுரந்து, வயிற்றின் புளிப்பைத் தணிக்கிறது. பெரிய பசுவானால் இந்த உமிழ்நீர் தினம் 100 லிட்டருக்கும் மேல் போகும். ஆனால் அசை போடுவதற்கு நார் வேண்டும். குழைந்த சோற்றை எப்படி அசை போடுவது?

இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. எந்தத் தீனி கொடுத்தாலும் அதோடு நாருள்ள தீனி இருக்க வேண்டும் என்பது ஒன்று. தீனியைத் திடீரென்று மாற்றக் கூடாது என்பது மற்றொன்று. புதுத் தீனி எதுவானாலும் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பத்துப் பதினைந்து நாட்களில் பழக்க வேண்டும். மாட்டுப் பொங்கலன்று சாஸ்திரத்துக்காக ஒரு கைப்பிடி பொங்கல் கொடுப்பதில் தோஷமில்லை. அந்த ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்வதுதான் உண்மையான கோபூஜை.

வைக்கோல் மட்டும் போதாது

அப்படியானால் வைக்கோலை வேண்டிய மட்டும் போட்டுவிடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். நெல் விளையும் நம் ஜில்லாக்களில் நடப்பதும் அதுவே. வைக்கோல் வயிற்றை நிரப்பும், மடியை நிரப்பாது. அதில் புரதம் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்குதான். நுண்ணுயிர்கள் பெருகுவதற்கே அது பற்றாது. மேலும் நெல் வைக்கோலில் உள்ள ஒருவகை அமிலப்பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பசுவின் உடம்பில் சேரவிடாமல் செய்கிறது. பாலுக்கு முக்கியமாக வேண்டியது சுண்ணாம்புச் சத்து அல்லவா?

வைக்கோலின் குறையைத் தீர்ப்பது பசுந்தீவனம். கறவைப் பசு ஒன்றுக்கு நாள்தோறும் 20 அல்லது 25 கிலோ பசுந்தீவனமும், ஐந்து ஆறு கிலோ வைக்கோல் அல்லது சோளத்தட்டையும் கிடைத்தால் அதன் வயிறு திருப்தி அடையும். பசுந்தீவனத்தில் இரு ஜாதி உண்டு. புல் ஜாதி ஒன்று. பயறு ஜாதி மற்றொன்று. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், தீவனச் சோளம், மக்காச்சோளம் முதலியவை முன்னது. வேலிமசால், குதிரைமசால், காராமணி, அகத்தி முதலியவை பின்னது. புல் சக்தியைக் கொடுக்கும். பயறு புரதத்தையும் சுண்ணாம்பையும் கொடுக்கும். இரண்டு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறு என்று கலந்து போட்டால் உத்தமம்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ‘கோ-4’, ‘கோ-5’ என்று பெயரிட்டு வெளியிட்டிருக்கும் ஒட்டுப்புல்லை ஒரு முறை கரணை நட்டுவிட்டால், முதல் அறுப்புக்குப் பின் சுமார் 45 நாட்களுக்கு ஒரு முறை அறுத்துக்கொண்டே இருக்கலாம். கிணற்றடியிலும் குளியலறைத் தண்ணீர் பாயும் மூலையிலும்கூட இது செழித்து வளரும். அறுத்த தீவனத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டால், தண்டை ஒதுக்கி இலையை மட்டும் தின்னும் வீண்செலவு இராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இளஞ்சோளப் பயிரில் விஷம் உண்டு என்று நம் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அது முற்றிலும் உண்மை. முளைத்துச் சில வாரங்களே ஆன பயிரிலும், மழையின்றி வாடிய பயிரிலும், அறுத்தபின் துளிர்த்த குருத்திலும் சயனைடு என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. கட்டவிழ்ந்த மாடு அந்தக் காட்டில் சிறிது மேய்ந்தாலும் நிமிஷக் கணக்கில் விழுந்துவிடும். பூ எடுத்த பிறகே சோளத்தை அறுத்துப் போட வேண்டும்.

முன்னோர் அறிவு இன்னோரிடத்திலும் விளங்குகிறது. காங்கேயம், தாராபுரம் பக்கங்களில் ‘கொறங்காடு’ என்று ஒரு வகை மேய்ச்சல் நிலம் உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம். மழை குறைந்த சீமையிலே காங்கேயம் மாடுகள் பெயர் பெற்றதற்கு இந்த மேய்ச்சல் நிலங்களும் ஒரு காரணம். இவற்றை மனைக்கட்டுகளாக மாற்றுவது ஒரு வருஷத்து வேலை. மறுபடி உண்டாக்குவது ஒரு தலைமுறையின் வேலை.

ஒரு சிறு கணக்கு

பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு, தவிடு ஆகியவற்றை எவ்வளவு கொடுப்பது என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு கொள்கை இருக்கிறது. கையில் வந்ததைத் தொட்டியில் கரைத்து ஊற்றுவோர் ஒருபுறம். விலைக்கு அஞ்சி ஒரு கைப்பிடியோடு நிறுத்துவோர் மறுபுறம். உபாத்தியாயர் என்ற முறையில் நாம் ஒரு கணக்கைச் சொல்லிவைக்கிறோம். வைக்கோலையே பெரிதும் நம்பி வாழும் பசுவுக்கு, அதன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ கலப்புத் தீவனம் வேண்டும். அதற்கு மேல், அது தரும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ வேண்டும். பத்து லிட்டர் கறக்கும் பசுவானால் உடம்புக்கு 2, பாலுக்கு 4, ஆக 6 கிலோ. பயறு ஜாதிப் பசுந்தீவனம் தாராளமாக இருந்தால் இதைச் சிறிது குறைத்துக்கொள்ளலாம். எப்படியும் ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பதே வயிற்றுக்கு உகந்தது.

இந்தக் கணக்கைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். பாலுக்குரிய பங்கை நாம் குறைத்தால் பசு உடனே பாலைக் குறைத்துவிடுவதில்லை. கன்றீன்ற புதிதில் அது தன் உடம்பின் கொழுப்பையும் எலும்பின் சுண்ணாம்பையும் எடுத்துப் பாலாக்கித் தருகிறது. வெளியே பார்க்கிறவர்களுக்கு, “குறைவாகத் தின்று நிறையக் கறக்கும் லக்ஷ்மி” என்று தோன்றும். சில மாதம் கழித்து விலா எலும்பு தெரியும், பருவத்துக்கு வராது, சினை பிடிக்காது. அப்போது “மலட்டு மாடு” என்று பெயர் வைத்து விற்றுவிடுகிறோம். மலடாக்கியது யார்?

கலப்புத் தீவனத்தில் தானியம், பிண்ணாக்கு, தவிடு மூன்றும் இருக்க வேண்டும். இவற்றுடன் கடையில் கிடைக்கும் தாது உப்புக் கலவை தினம் சுமார் 50 கிராமும், சாப்பாட்டு உப்பு ஒரு பிடியும் சேர்க்க வேண்டும். பிண்ணாக்கு வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அந்தப் பூசண நஞ்சு பசுவின் ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது போவதில்லை. மாட்டுக்குத்தானே என்று வாங்கிய மலிவுச் சரக்கு, வீட்டுக் குழந்தையின் டம்ளருக்கே திரும்பி வந்துவிடும்.

தண்ணீரும் நிழலும்

பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பால்காரர் சேர்த்த தண்ணீரைச் சொல்லவில்லை. பசு சேர்த்த தண்ணீரைச் சொல்கிறோம்! ஒரு லிட்டர் பால் சுரக்க மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். உடம்புக்கு வேண்டியது வேறு. கோடைக்காலத்தில் நல்ல கறவைப் பசு 60 லிட்டருக்கு மேல் குடிக்கும். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி காட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பது தவறு. பசு நினைத்த நேரத்தில் குடிக்கும்படி சுத்தமான தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் பால் பெருகுவதற்கு இதைவிட எளிய வழியும் இல்லை.

ஜெர்ஸி முதலிய சீமை ரத்தக் கலப்புள்ள பசுக்கள் வெயில் தாங்கா. நாட்டு மாடு தன் திமிலோடும் தளர்ந்த தோலோடும் வெயிலைச் சமாளித்துக்கொள்ளும். கலப்பினப் பசு நாக்கைத் தள்ளி இளைக்கும், தீனியைக் குறைக்கும். தகரக் கொட்டகையின் மேல் தென்னங்கீற்றைப் பரப்புவதும், விடியற்காலையிலும் இரவிலும் தீனி போடுவதும், பகலில் உடம்பின்மேல் தண்ணீர் தெளிப்பதும் கோடைக்கேற்ற முறைகள்.

கன்றும், வற்றிய மடியும்

கன்று தாயின் வயிற்றில் இருக்கும்போது நோயை எதிர்க்கும் சக்தி அதற்கு வந்து சேர்வதில்லை. அந்தச் சக்தி முழுவதும் சீம்பாலில்தான் இருக்கிறது. கன்றின் குடல் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் வாசல் பிறந்த சில மணி நேரம் அகலத் திறந்திருந்து, ஒரு நாளில் மூடிவிடுகிறது. ஆதலால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலும், முதல் நாளுக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கும் உள்ளே போய்விட வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது பல ஊர்களில் வழக்கம். கன்று காத்திருக்கலாம், அந்த வாசல் காத்திராது. கன்று குடித்து மிஞ்சிய பிறகு திரட்டுப்பால் கிண்டலாம்.

அடுத்த ஈற்றுக்கு 60 நாள் இருக்கும்போது பால் கறப்பதை நிறுத்திவிட வேண்டும். வயிற்றிலுள்ள கன்று மளமளவென்று வளர்வதும், மடி தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் அந்த இரண்டு மாதத்தில்தான். ஆனால் நம்மவர் தீனியை நிறுத்துவதும் அந்த இரண்டு மாதத்தில்தான்! பால் இல்லாத பசுவுக்குப் பிண்ணாக்கு எதற்கு என்று எண்ணுகிறார்கள். பட்டணங்களில் இன்னும் ஒருபடி மேலே போய், வற்றிய பசுவைத் தெருவில் அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள்.

தெருவில் அதற்குக் கிடைப்பது என்ன? 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னை வேப்பேரியில், 1903-ல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியில், ஒரு பசுவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. வைத்தியர்கள் அதன் வயிற்றிலிருந்து எடுத்தது 52 கிலோ பிளாஸ்டிக்! பெரும்பாலும் பைகள். அதிசயத் தொட்டி என்று மேலே வர்ணித்தோமே, அந்த முதல் அறையில் நம் வீட்டுக் குப்பை நிறைந்திருந்தது. நுண்ணுயிர்களால் பிளாஸ்டிக்கைக் கரைக்க முடியாது. அது மேலும் போகாது, கீழும் இறங்காது. வயிறு நிறைந்த பசு பட்டினியால் மெலியும்.

மாடு வளர்க்காத குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. காய்கறித் தோலைப் பையில் கட்டி முடிச்சுப் போட்டு வீதியில் எறிந்தால், பசு முடிச்சை அவிழ்த்துத் தின்னாது, பையோடுதான் விழுங்கும். தோலைத் தனியாக ஒரு கூடையில் சேர்த்து மாடு வைத்திருப்பவரிடம் கொடுப்பது அடுக்களையிலிருந்தபடியே செய்யக்கூடிய கோரக்ஷணம்.

கறக்கும் கை

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பது பழமொழி. இதிலும் விஞ்ஞானம் இருக்கிறது. அன்போடு தடவியதும், கன்றைக் கண்டதும், பழகிய கை பட்டதும் பசுவின் மூளையிலிருந்து ஒரு சுரப்பு இரத்தத்தில் இறங்கிப் பாலை விடச் செய்கிறது. அதன் வேகம் ஐந்தாறு நிமிஷமே. அதட்டினாலும் அடித்தாலும் அது நின்றுவிடும். ஆகவே அமைதியாகத் தொடங்கி, முழுக் கையால் பிடித்து, விரைவில் கறந்து முடிக்க வேண்டும். கட்டைவிரலை மடக்கிக் கறப்பது காம்பைப் புண்ணாக்கும்.

கறக்குமுன் மடியைக் கழுவித் துடைத்து, முதல் இரண்டு பீச்சுப் பாலைத் தனிக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக இருந்தால் மடிநோய் தொடங்கிவிட்டது என்று அறிந்து, அன்றே மருத்துவரை அழையுங்கள். கறந்து முடித்தபின் காம்பின் துவாரம் சிறிது நேரம் திறந்தே இருக்கும். அந்த அரைமணி நேரம் பசு ஈரத்தரையில் படுக்காதபடி முன்னால் தீனி போட்டு நிற்க வைப்பது பாதி மடிநோயைத் தடுக்கும் யுக்தி.

நம் பாட்டனார் காலத்தில் ஊர் ஊராக மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய், விடாமல் தடுப்பூசி போட்டதன் பலனாக 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கோமாரி இன்னும் ஒழியவில்லை. வருஷத்துக்கு இருமுறை போடப்படும் கோமாரித் தடுப்பூசிக்கு மாட்டை ஒளித்து வைக்காமல் ஓட்டிச் செல்ல வேண்டும்.

ஒரு மாணவர்

1927-ஆம் ஆண்டில் மகாத்மா காந்தி உடல்நலம் குன்றிப் பெங்களூரில் ஓய்வெடுக்க வந்தார். அப்போது அவருக்கு வயது 57. கோரக்ஷணத்தைத் தம் பெரும் பணிகளுள் ஒன்றாகக் கொண்டிருந்த அவர், அந்த ஓய்வு நாட்களில் அங்கிருந்த அரசாங்கப் பால்பண்ணை நிலையத்துக்குச் சென்று, மாடு வளர்ப்பைப் பாடமாகக் கேட்டுப் படித்தார். பண்டித மாளவியாவும் அங்கே வந்து சேர்ந்துகொண்டார். பசுவைக் காப்பாற்றப் பக்தி மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதை அந்தப் பெரியவர்கள் மாணவர்களாக உட்கார்ந்து நமக்குக் காட்டினார்கள். அந்த நிலையத்தின் தலைமை 1955-ல் கர்னாலுக்கு மாறியது; இன்று அது தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது.

1998 முதல் உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு நம்முடையது. பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அந்தப் பெருமை மாடுகளின் எண்ணிக்கையால் வந்தது. ஒவ்வொரு பசுவும் கொடுக்கும் பாலை எடுத்துக்கொண்டால் நாம் பல நாடுகளுக்குப் பின்னால் நிற்கிறோம். பசுவின் குற்றம் அதில் பாதிகூட இல்லை.

அமாவாசையன்று பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. அகத்தி பயறு ஜாதியைச் சேர்ந்தது; புரதமும் சுண்ணாம்பும் நிறைந்தது. வைக்கோல் தின்னும் பசுவுக்கு எது குறைவோ, அதையே தேர்ந்து கொடுத்திருக்கிறார்கள். பக்தியும் அறிவும் ஒன்றாகவே இருந்த வழக்கம் அது. மாதத்தில் ஒரு நாள் ஒரு கட்டு வாங்கிக் கொடுப்பதோடு நில்லாமல், வேலியோரம் நாலு அகத்தி விதை ஊன்றுங்கள். அடுத்த மழைக்குள் தழைத்துவிடும்.